போர்த் தண்ணி குடிச்ச ஜீப்பு

மூடாக்கு, பலபயிர் விதைப்பு, நாட்டு விதை என்று இந்த இதழில் எழுதிக்கொண்டிருந்த ஆள் இந்த முறை வண்டி ரிப்பேரைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன். போன மாதக் கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது பேச்சுவாக்கில் என் ஜீப் கதையைச் சொன்னேன். சுற்றி நின்ற ஏழு பேரில் நாலு பேர், "நம்ம வண்டியும் இந்தக் கோடையில சூடாகுதுங்க, தண்ணி ஊத்தி ஊத்தித்தான் ஓட்டிட்டிருக்கோம்" என்றார்கள். அந்த "ஊத்தி ஊத்தி" என்ற வார்த்தைதான் என்னை எழுத வைத்தது. நானும் மூணு வருசம் அதைத்தான் செய்தேன். அதற்கு நான் கொடுத்த விலை கொஞ்சம் பெரிசு.

சத்தியமங்கலம் பக்கம் எங்கள் தோட்டம். பழைய டீசல் ஜீப் ஒன்று வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குக் காய், கீரை ஏற்றிப் போவது, செக்கிலிருந்து புண்ணாக்கு கொண்டு வருவது என்று எல்லாவற்றுக்கும் அதுதான். ஒரு மார்ச் மாதம் ராகி விதை வாங்க தாளவாடிக்குப் போனேன். பண்ணாரி தாண்டினால் திம்பம் மலைப்பாதை. 27 கொண்டை ஊசி வளைவுகள். பத்தாவது வளைவைத் தாண்டும்போதே வெப்பமானி முள் மேலே ஏறிவிட்டது. "இன்னும் கொஞ்சம்தான், மேலே போய் ஆறவைச்சுக்கலாம்" என்று மிதித்தேன். பதினாலாவது வளைவில் பானெட்டின் இடுக்குகளிலிருந்து ஆவி வந்தது. யானை நடமாட்டம் உள்ள காடு, நிறுத்தக்கூடாத இடம். பின்னால் லாரிகள் ஹாரன் அடிக்கின்றன. அவசரத்தில் தோளில் கிடந்த துண்டை மடித்துப் பிடித்து ரேடியேட்டர் மூடியைத் திறந்தேன்.

மூடி கையை விட்டுப் பறந்தது. கொதிநீர் முழங்கை வரைக்கும் பட்டுத் தோல் உரிந்தது. ஆறுவதற்கு ஒன்றரை மாதம் ஆனது. தக்காளிக்குக் குச்சி நட்டுக் கட்டவேண்டிய நேரம் அது. கட்ட ஆளில்லாமல் பாதிச் செடி தரையில் படுத்துக் காய் அழுகியது. அதனால் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: சூடான வண்டியின் ரேடியேட்டர் மூடியைத் துண்டு போட்டும் திறக்காதீர்கள், சாக்கு போட்டும் திறக்காதீர்கள். குறைந்தது அரை மணி நேரம், முடிந்தால் முக்கால் மணி நேரம் ஆறவேண்டும். மேல் ஹோஸை வெளியிலிருந்து லேசாகத் தொட்டுப் பார்த்து, சூடு தணிந்து, அழுத்தினால் மெத்தென்று இருந்த பிறகுதான் மூடிப் பக்கம் கை போகவேண்டும்.

அது ஏன் அப்படிச் சீறுகிறது என்பது வீட்டில் குக்கர் வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். ரேடியேட்டர் மூடி வெறும் மூடி இல்லைங்க, அது குக்கர் வெயிட். உள்ளே ஸ்பிரிங் போட்ட வால்வு இருக்கிறது. அது தண்ணீரை அழுத்தத்தில் வைத்திருப்பதால் 100 டிகிரியில் கொதிக்கவேண்டிய தண்ணீர் 115, 120 டிகிரி வரைக்கும் கொதிக்காமல் இருக்கும். திறந்த நொடியில் அழுத்தம் போய்விடும், அத்தனை தண்ணீரும் ஒரே நேரத்தில் கொதித்து மேலே பாயும். மலையில் இது இன்னும் மோசம். ஊட்டி உயரத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். மூடியின் ரப்பர் வாஷர் வெடித்து அழுத்தம் நிற்காத வண்டி சமவெளியில் ஒப்பேற்றும், மலையில் காட்டிக்கொடுத்துவிடும். பல நேரங்களில் கோளாறு அந்தச் சின்ன மூடியில்தான் இருக்கும். மாற்றும்போது மூடியில் பொறித்திருக்கும் அழுத்த எண்ணைப் பார்த்து அதே எண் வாங்கவேண்டும்.

இனி இஞ்சினுக்குள் நடப்பதைப் பார்ப்போம். நாம் 100 ரூபாய்க்கு டீசல் போட்டால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்தைச் சுற்றும் வேலைக்குப் போகிறது. மிச்சமெல்லாம் சூடு. அதில் ஒரு பகுதி சைலன்ஸர் வழியாகப் போகும், இன்னொரு பகுதியைத் தண்ணீர் சுமந்து வெளியேற்றவேண்டும். எரிபொருள் எரியும் கணத்தில் சிலிண்டருக்குள் வெப்பம் 2000 டிகிரி அளவுக்குப் போகும். அலுமினியம் உருகுவதோ 660 டிகிரியில். இத்தனை சூட்டுக்கு நடுவில் உலோகம் உருகாமல் இருப்பது, சுற்றி ஓடும் சில லிட்டர் தண்ணீரால்தான்.

வாட்டர் பம்ப் தண்ணீரைத் தள்ளுகிறது. இஞ்சினைச் சுற்றி வந்து சூடான தண்ணீர் தெர்மோஸ்டாட் என்ற கதவில் வந்து நிற்கும். 82, 88 டிகிரி என்று வண்டிக்குத் தக்கபடி அந்தக் கதவு திறக்கும். திறந்தால் தண்ணீர் மேல் ஹோஸ் வழியாக ரேடியேட்டருக்குப் போய், மெல்லிய குழாய்களில் இறங்கி, காற்றில் சூட்டை விட்டுவிட்டு, கீழ் ஹோஸ் வழியாகத் திரும்ப பம்புக்கு வரும். நம்ம சொட்டுநீர் மாதிரித்தான் பாருங்க. மோட்டார், வால்வு, மெயின் குழாய், பக்கக் குழாய். எங்கே அடைத்தாலும் கடைசியில் வாடுவது செடி.

வண்டி வழியில் சூடானால் உடனே என்ன செய்வது? ஏசி இருந்தால் அணையுங்கள். ஹீட்டர் இருந்தால் முழுதாகத் திறந்துவிடுங்கள். வெயில் காலத்தில் உள்ளே அடுப்படி மாதிரி இருக்கும், பரவாயில்லை. ஹீட்டர் ஒரு குட்டி ரேடியேட்டர், கொஞ்சம் சூட்டை இழுத்துக்கொள்ளும். முள் சிவப்புக்குப் போய்விட்டாலோ ஆவி வந்தாலோ ஓரம்கட்டி இஞ்சினை அணைத்துவிடவேண்டும். இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது: சிவப்பில் இருந்த முள் திடீரென்று கீழே இறங்கினால் வண்டி ஆறிவிட்டதென்று நினைக்காதீர்கள். தண்ணீர் முழுதும் வெளியேறி, சென்ஸார் காற்றில் நின்றாலும் முள் இறங்கும். அந்த நிலையில் ஓட்டினால் இஞ்சின் பிடித்துக்கொள்ளும். சூடான இஞ்சினில் பச்சைத் தண்ணீரைக் கொட்டுவதும் கூடாது, இரும்பு விரிசல் விடும்.

சரி, காரணத்தைக் கண்டுபிடிப்பது எப்படி? இலை மஞ்சளானால் நாம் உடனே எதையாவது தெளிப்பதில்லையே. அடியிலை முதலில் மஞ்சளா, கொழுந்து முதலில் மஞ்சளா என்று பார்ப்போம். அடியிலை என்றால் தழைச்சத்து, கொழுந்து என்றால் இரும்பு என்று யோசனை ஓடும். வண்டியிலும் அதேதான். எப்போது சூடாகிறது என்று பாருங்கள்.

சந்தைக்குள் நெரிசலில் நிற்கும்போது மட்டும் சூடாகி, ரோட்டில் ஓட ஆரம்பித்ததும் இறங்கினால், குறை பெரும்பாலும் காற்றில். ஓடும்போது எதிர்க்காற்று ஃபேன் வேலையைச் செய்துவிடும், நிற்கும்போது ஃபேன்தான் செய்யவேண்டும். பழைய வண்டியில் ஃபேன் பெல்ட் தொய்ந்திருக்கும். கட்டைவிரலால் நடுவில் அழுத்தினால் ஒரு விரற்கடை அளவுக்கு மேல் உள்ளே போகக்கூடாது. இப்போது வரும் கார்களில் கரண்ட் ஃபேன். ஏசியைப் போட்டவுடன் ஃபேன் சுற்றுகிறதா என்று பார்த்தால் போதும். சுற்றவில்லை என்றால் ஃபியூஸ், ரிலே, மோட்டார் என்று தேடிப் போகலாம். இந்த ஃபேன் சாவியை எடுத்த பிறகும் சுற்ற ஆரம்பிக்கும், விரலை விட்டுவிடாதீர்கள்.

நிற்கும்போது ஒன்றுமில்லை, மேட்டில் ஏறும்போதும் பாரத்தோடு வேகமாகப் போகும்போதும்தான் சூடாகிறது என்றால், ஃபேனை விட்டுவிட்டு ரேடியேட்டரைச் சந்தேகப்படுங்கள். சூடு அதிகமாக உற்பத்தியாகும்போது அதை வெளியே விட ரேடியேட்டருக்கு வலு இல்லை. வெளியே தூசி அடைத்திருக்கலாம், உள்ளே உப்பு படிந்திருக்கலாம், கீழ் ஹோஸ் நைந்து பம்ப் உறிஞ்சும்போது சப்பிக்கொள்ளலாம்.

காலையில் ஸ்டார்ட் பண்ணி ஐந்து, பத்து நிமிடத்திலேயே முள் ஏறுகிறது, மேல் ஹோஸ் மட்டும் சில்லென்று இருக்கிறது என்றால் தெர்மோஸ்டாட் மூடியபடியே சிக்கியிருக்கலாம், பம்பின் இறக்கை அரித்துப் போயிருக்கலாம், அல்லது உள்ளே தண்ணீரே இல்லாமலிருக்கலாம்.

என் ஜீப் இரண்டாவது வகை. சொன்னேனே, மேட்டில்தான் சூடானது. ஆனால் அப்போது எனக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. கை ஆறியதும் ஒரு பட்டறைக்குப் போனேன். அங்கிருந்த தம்பி ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, "நம்ம ஊருக்கு எதுக்குங்கண்ணா தெர்மோஸ்டாட்டு? குளிர் நாட்டுக்காரனுக்குத்தான் அது" என்று கழற்றி டூல்ஸ் பெட்டியில் போட்டுவிட்டார். இதை நிறையப் பேர் செய்கிறார்கள். இரண்டு வாரம் நன்றாக இருந்த மாதிரியும் இருந்தது. ஆனால் தெர்மோஸ்டாட் இல்லாத இஞ்சின் சமவெளியில் உரிய சூட்டுக்கே வராது. மைலேஜ் குறையும், ஆயில் சீக்கிரம் கெடும். சில இஞ்சின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போது இன்னொரு குறுக்கு வழியை மூடும். அதை எடுத்துவிட்டால் தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் குறுக்கு வழியிலேயே சுற்றி, முன்னைவிட அதிகம் சூடாகும்.

கழற்றியதை வீட்டுக்குக் கொண்டுவந்து சோதித்துப் பார்த்தேன். நீங்களும் செய்யலாம். பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, தெர்மோஸ்டாட்டைக் கம்பியில் கட்டி அடியில் படாமல் தொங்கவிட்டு, பக்கத்தில் ஒரு வெப்பமானியும் வைத்து அடுப்பை மூட்டவேண்டும். அதில் பொறித்திருக்கும் டிகிரியை ஒட்டித் திறக்க ஆரம்பிக்கவேண்டும், தண்ணீர் கொதிப்பதற்குள் நன்றாகத் திறந்திருக்கவேண்டும், ஆறினால் மூடவேண்டும். என்னுடையது மூன்றையும் ஒழுங்காகச் செய்தது. ஒரு குற்றமும் செய்யாததைத்தான் கழற்றியிருக்கிறோம். (பருப்பு வேகவைக்கும் பாத்திரத்தை எடுத்ததற்கு வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டது தனி.)

அடுத்து பெல்ட் மாற்றினேன். அதிலும் தீரவில்லை. இதற்கிடையே கோபி ரோட்டில் ஒருமுறை, செக்குக்குப் போகும்போது ஒருமுறை என்று இன்னும் இரண்டு தடவை கொதித்தது. அதற்குப் பிறகு காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது சைலன்ஸரில் வெள்ளைப் புகை நிற்காமல் வந்தது. ஆறிய வண்டியில் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் பண்ணினால் ரேடியேட்டருக்குள் குமிழி விட்டது. ஆயில் கம்பியை உருவிப் பார்த்தால் பால் கலந்த டீ நிறம். இந்த மூன்றும் ஹெட் கேஸ்கட் போனதற்கான அடையாளங்கள். சூட்டில் ஹெட் வளைந்து, நடுவிலிருக்கும் கேஸ்கட் விட்டுப்போய், எரிபுகை தண்ணீருக்குள்ளும் தண்ணீர் ஆயிலுக்குள்ளும் புகுந்துவிடுகிறது. இதில் ஒன்றைப் பார்த்தால்கூட அதற்குமேல் ஓட்டாமல் கட்டி இழுத்துப் போவதே நல்லது. ஹெட்டை இறக்கி, மட்டம் பிடித்து, கேஸ்கட், ஆயில், கூலி எல்லாம் சேர்த்து எனக்கு 19,500 ரூபாய் ஆனது. அந்தப் போகத்துச் சின்ன வெங்காயத்தில் கையில் நின்ற காசு அதுதான்.

ஹெட் வேலை பார்த்த மெக்கானிக் வேறு ஆள், பொறுமைக்காரர். "ஹெட்டை மட்டும் போட்டுக் குடுத்தா ஆறு மாசத்துல மறுபடியும் வருவீங்கண்ணா. ஏன் சூடாச்சுன்னு பாத்துருவோம்" என்று ரேடியேட்டரைக் கழற்றி ரேடியேட்டர் கடைக்கு அனுப்பினார். கூடவே நானும் போனேன். பழைய பித்தளை ரேடியேட்டர் என்பதால் ஈயப் பற்றை உருக்கி மேல் தொட்டியைத் திறந்தார்கள்.

உள்ளே பார்த்ததும் எனக்குப் பேச்சு வரவில்லை. குழாய் வாய் எல்லாம் வெள்ளைவெளேர் என்று கல் மாதிரி அடைத்திருந்தது. அந்த வெள்ளை எனக்குப் புதிதில்லை. நம்ம சொட்டுநீர் லேட்டரல் குழாயின் கடைசி மூடியைத் திறந்தால் கொட்டுமே, அதே உப்பு. கடையிலிருந்த பெரியவர் கேட்டார்: "என்ன தண்ணி தம்பி ஊத்துனீங்க?"

மோட்டார் ரூமில் பிடித்த போர்த் தண்ணிதான். கீழ் ஹோஸ் கிளிப்பில் சின்னக் கசிவு இருந்தது. வாரத்துக்கு ஒரு லிட்டர் குறையும். "ஒரு லிட்டர்தானே" என்று சனிக்கிழமை சனிக்கிழமை குடத்தில் பிடித்து ஊற்றிவிடுவேன். மூன்று வருடம்.

எங்கள் போர்த் தண்ணியின் கடினத்தன்மை லிட்டருக்கு 640 மில்லிகிராம். சொட்டுநீர் போடும்போது பரிசோதித்த அறிக்கை வீட்டில்தான் இருந்தது. கணக்குப் போட்டேன். வாரம் ஒரு லிட்டர் என்றால் வருடத்துக்கு 50 லிட்டர், 32 கிராம் உப்பு. மூன்று வருடத்தில் 96 கிராம். அதில் பாதி கசிவோடு வெளியே போயிருந்தாலும் மீதி உள்ளேதான். போர்த் தண்ணியில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு, மக்னீசியம் உப்புகள் தண்ணீர் சூடாகும்போது கரைந்த நிலையை விட்டுக் கல்லாகப் படியும். வெந்நீர் வைக்கும் பாத்திரத்தின் அடியில் படிவது இதுதான். அந்தப் படிவு சூட்டைக் கடத்தாது. கம்பளி போர்த்தின மாதிரி, உள்ளே தண்ணீர் கொதித்தாலும் வெளிக்காற்றுக்குச் சூடு வராது.

நான் புரிந்துகொண்டது இதைத்தான். ஒருமுறை போர்த் தண்ணி நிரப்பி, கசிவில்லாமல் ஓட்டினால் அதிலுள்ள உப்பு மட்டும் படிந்து நின்றுபோகும். கெடுத்தது திரும்பத் திரும்ப ஊற்றியதுதான். ஒவ்வொரு குடமும் புது உப்பைக் கொண்டுவந்தது. அந்தக் கிளிப்பின் விலை 40 ரூபாய்.

ரேடியேட்டருக்குள் கம்பி விட்டுக் குழாய் குழாயாகச் சுத்தம் செய்து, திரும்பப் பற்றவைத்துக் கொடுத்தார்கள். 2,800 ரூபாய். அலுமினியமும் பிளாஸ்டிக் தொட்டியுமாக வரும் இப்போதைய ரேடியேட்டர்களில் பெரும்பாலும் இப்படித் திறக்க வழியில்லை, மாற்றத்தான் வேண்டும். "சொட்டுநீர்க் குழாய்க்கு விடுற ஆசிட்டை ரேடியேட்டர்லயும் விடலாமா?" என்று கூட்டத்தில் ஒரு நண்பர் கேட்டார். வேண்டாங்க. உப்போடு சேர்த்து அலுமினியத்தையும் ஈயப் பற்றையும் தின்றுவிடும்.

வெளிப்பக்க அடைப்பையும் மறக்கக்கூடாது. தூசி, பூச்சி, வைக்கோல் தும்பு எல்லாம் ரேடியேட்டர் முன்னால் அப்பிக்கொள்ளும். டிராக்டர் வைத்திருப்பவர்களுக்கு இதுதான் முதல் எதிரி. கதிரடிக்கும்போதும் காய்ந்த காட்டில் ரோட்டவேட்டர் ஓட்டும்போதும் முன்வலையை மதியம் ஒரு தடவை தட்டிவிட்டாலே பாதிச் சூடு குறையும். இஞ்சின் ஆறிய பிறகு, ஃபேன் பக்கத்திலிருந்து முன்பக்கமாகக் காற்றோ மெதுவான தண்ணீரோ அடிக்கவேண்டும். முன்னாலிருந்து அடித்தால் குப்பை இன்னும் உள்ளே போய் உட்காரும். வாட்டர் சர்வீஸ் துப்பாக்கியைக் கிட்டே வைத்து அடித்தால் மெல்லிய தகடுகள் மடங்கிக் காற்று வழியே அடைத்துப்போகும்.

என்ன ஊற்றுவது என்று கேட்பீர்கள். பேட்டரித் தண்ணியும் கூலண்டும் பாதிக்குப் பாதி, அல்லது கலந்தே வரும் கூலண்ட். எந்த வகை என்று வண்டிக் கையேட்டில் இருக்கும். வேறு வேறு வகைகளைக் கலக்கக்கூடாது, சில கலந்தால் கூழாகிவிடும். "நம்ம ஊர்ல தண்ணி உறையவா போகுது, கூலண்ட் எதுக்கு?" என்று நானும் கேட்டவன்தான். உறையாமல் காப்பது அதன் ஒரு வேலை. கொதிநிலையைக் கொஞ்சம் உயர்த்துவதும், உள்ளே துருவும் அரிப்பும் வராமல் தடுப்பதும் நமக்கு வேண்டிய வேலைகள். வழியில் மாட்டிக்கொண்டால் வாய்க்கால் தண்ணியைக்கூட ஊற்றி வீடு வந்து சேரலாம், தப்பில்லை. வந்ததும் வடித்துவிட்டு நல்லதை நிரப்பவேண்டும்.

அந்த வடித்த கூலண்ட் விஷயத்தில் நாம் ரொம்ப எச்சரிக்கையாக இருக்கவேண்டும். பெரும்பாலான கூலண்டில் இருப்பது எத்திலீன் கிளைக்கால். இனிப்பாக இருக்கும், கடும் விஷம். நாயோ கன்றுக்குட்டியோ கொஞ்சம் நக்கினால்கூட சிறுநீரகம் போய்விடும். குழந்தைகளுக்கும் அதே ஆபத்து. பச்சை, சிவப்பு, நீலம் என்று சர்பத் நிறத்தில் வேறு இருக்கும். வயலில் ஒரு சொட்டு விஷம் தெளிக்காத நாம் இதைக் களத்து மேட்டில் திறந்துவிட்டு மாட்டைக் கட்டக்கூடாது. கிணற்றோரம், வாய்க்கால், குப்பைக்குழி எதுவும் வேண்டாம். நான் வாய் அகன்ற தட்டில் வடித்து, மூடியுள்ள கேனில் ஊற்றி, மேலே "விஷம்" என்று எழுதி, பழைய ஆயிலைச் சேகரித்து அனுப்பும் பட்டறையில் கொடுக்கிறேன். குடிநீர் பாட்டிலில் மட்டும் ஊற்றி வைக்காதீர்கள்.

இப்போது சனிக்கிழமை வேலை மாறிவிட்டது. கீரைக்கட்டு போடுவதற்கு முன்னால், வண்டி ஆறியிருக்கும்போது பக்கத்து டேங்கில் அளவைப் பார்க்கிறேன். இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருந்தால் போதும். கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால் கேனைத் தேடுவதற்கு முன் டார்ச்சை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுக்கிறேன். ஹோஸ் நுனி, கிளிப், பம்புக்கு அடியிலிருக்கும் சின்னத் துளை, ரேடியேட்டர் பற்று என்று ஒவ்வொன்றாக விரலால் தடவிப் பார்க்கிறேன். எங்காவது வெள்ளையாகவோ பச்சையாகவோ காய்ந்த கறை இருந்தால் கசிவு அங்கேதான். போன மாதம் பம்புத் துளையில் அப்படி ஒரு கறை தெரிந்தது. அந்த ஞாயிறு ஜீப்பை எடுக்கவில்லை, காயைப் பக்கத்துத் தோட்டத்து வண்டியில் ஏற்றிவிட்டு, திங்கட்கிழமை பம்பை மாற்றினேன்.